பின்பக்க பம்பர் பரிசீலனையில் இருக்கிறது

ஒரு கார் வீட்டு கேட் தூணில் இடிபடுவது, மேலிடத்தின் கவனத்துக்குப் போக வேண்டிய சம்பவம் அல்ல. ஆனால் இடித்தவர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்துவிட்டால், அந்தக் காருக்கு லேசில் விமோசனம் கிடையாது.

அவரை அலுவலகத்தில் 'பரிசீலனை' என்றுதான் சொல்வார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எது மேஜைக்கு வந்தாலும் "பரிசீலிக்கலாம்" என்பார். விஷயம் தானாகத் தீரும், இல்லாவிட்டால் கேட்டு வந்தவர் ஓய்ந்துபோவார். இதனால் இத்தனை வருஷ சர்வீஸில் அவர் ஒரு தப்பான முடிவுகூட எடுத்ததில்லை. சரியான முடிவும் எடுத்ததில்லை, ஆனால் அதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லையே.

அவர் மனைவி டீச்சர். படித்த படிப்பைப் பரணில் போட்டுவிட்டு வருஷக்கணக்காக வீட்டில் இருந்தவளுக்கு, ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளியில் இப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. கொஞ்ச காலம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போனால் வழியில் மாற வேண்டும், நேரத்துக்குப் போய்ச் சேர்வது சந்தேகம். அதற்காகவே கார் ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கிவிட்டாள். ரிவர்ஸ் எடுப்பதில் மட்டும் கொஞ்சம் உதறல்.

"தள்ளு, நான் காட்டறேன்" என்று பரிசீலனை ஸ்டியரிங்கைப் பிடித்தார். டமாலென்று ஒரு சத்தம். பின்பக்க பம்பர் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உள்ளே போயிருந்தது. ஒரு விளக்கும் காலி.

"பார்த்தியா? இப்படி எடுக்கக் கூடாது" என்றார்.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்துவிட்டு அரை நாள் வேலைதான் என்றான். அவன் கேட்ட கூலியும் அப்படியொன்றும் கழுத்தைப் பிடிப்பதாக இல்லை. டீச்சர் சாவியை நீட்டப் போனாள். பரிசீலனை கையைத் தட்டிவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. கைக்காசைப் போட்டுச் சரிசெய்தால், இத்தனை வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டியது எதற்கு? இன்ஷூரன்ஸில் கேட்டால், இத்தனை வருஷம் கேட்காமல் இருந்ததற்காகச் சேர்ந்த போனஸ் போய்விடும். அடுத்த வருஷம் கட்டும் பணம் ஏறிவிடும். அப்படியானால் இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தது எதற்கு? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது எந்தப் பக்கம் சாய்வது? முடிவு தெரியும்வரை, சம்பந்தப்பட்ட பொருள் இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும் என்று வாய்மொழி உத்தரவு போட்டு, காருக்கு உறை மாட்டிவிட்டார்.

டீச்சர் பஸ்ஸில் போனாள். நின்றபடி போனாள், வியர்க்க விறுவிறுக்கப் போனாள், பிரார்த்தனை மணி அடித்த பிறகு போனாள். தலைமையாசிரியை வாசலில் நின்று ஒன்றும் பேசாமல் கடிகாரத்தைப் பார்ப்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டீச்சரின் தம்பி ஒருநாள் வந்து யோசனை சொன்னான். "மாமா, அடி சின்னது. அதான் குழப்பம். இன்னொரு தடவை நல்லா இடிச்சுட்டா கிளெய்ம் போடறது லாபமாயிடும்." பரிசீலனை அதை எடுத்த எடுப்பில் மறுக்கவில்லை. முன்மாதிரி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

கடைசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே போன் போட்டு, கிளெய்ம் போடலாமா கூடாதா என்று விசாரித்தார். போட்டால்தான் போடலாமா என்று சொல்ல முடியும் என்றாள் போனை எடுத்த பெண். இவ்வளவு தெளிவான பதிலை அவர் தம் அலுவலகத்தில்கூடக் கேட்டதில்லை. உடனே போட்டார்.

சேதத்தை மதிப்பிட கம்பெனியின் சர்வேயர் சாவகாசமாக வந்தார். உறையைத் தூக்கிப் பார்த்து, படிந்திருந்த தூசியை விரலால் வழித்தார்.

"இது பழைய அடி மாதிரி இருக்கே. இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"பரிசீலிச்சிட்டிருந்தேன்."

"சரி, நாங்களும் பரிசீலிக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பரிசீலனை தெருமுனைவரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறுப்பான மனுஷன் என்று மனைவியிடம் சிலாகித்தார்.

அன்றைக்குத்தான் தலைமையாசிரியை வாயைத் திறந்திருந்தார். இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பிறகு கோபம் வந்தது. மறுநாள் காலை பரிசீலனை குளிக்கப் போன சமயம் உறையை உருவி எறிந்தாள். அவளுக்கு வராத ரிவர்ஸிலேயே, தூணைத் தொடாமல் தெருவுக்கு வந்தாள். காரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள். முதல் சம்பளத்தில் பம்பர் புதிதாகிவிட்டது.

சர்வேயர் மறுபடி வந்தபோது பம்பர் பளபளத்தது.

"சேதம் எங்க சார்?"

"சரி பண்ணியாச்சு."

"யாரைக் கேட்டு?"

சேதம் இல்லாததால் பணம் கிடையாது என்றார். கிளெய்ம் என்று ஒன்று பதிவாகிவிட்டதால் போனஸும் கிடையாது. பரிசீலனை தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அவசரப்பட்டு ரிப்பேர் பண்ணி எல்லாத்தையும் கெடுத்துட்டியே" என்றார். டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த அலுவலகக்காரர்களே இப்படித்தான், தலைவலிக்கு மாத்திரை போடக்கூட மேலிடத்தைக் கேட்பார்கள் என்று தம்பியிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்கப்புறம் அவள் ஒருநாளும் தாமதமாகப் போகவில்லை. வேலை நிரந்தரமானது. சின்னப் பிள்ளைகளின் கட்டடத்துக்குப் பொறுப்பாளராகவும் ஆக்கினார்கள். தனி மேஜை, சில்லறைச் செலவுக்கென்று கொஞ்சம் பணம். அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கும் பொறுப்பாளரை ஆண்டு விழா மேடையில் பாராட்டுவது அந்தப் பள்ளியில் வழக்கம்.

மழைக்காலம் தொடங்கியதும் ஒரு வகுப்பின் ஜன்னல் கதவு காற்றில் பிய்ந்தது. தச்சர் வந்து பார்த்துவிட்டு, ஒரு கீல் மாற்றினால் போதும், இப்போதே முடித்துவிடுகிறேன் என்றார். சாரல் உள்ளே அடித்தது. ஜன்னலோரப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

டீச்சர் யோசித்தாள். சில்லறைப் பணத்தை எடுத்தால் மேடை போய்விடும். நிர்வாகத்துக்கு எழுதலாம், ஆனால் ஒரு கீலுக்காகவா எழுதுவது? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

"பார்க்கலாம். அதுவரைக்கும் யாரும் அதைத் தொடாதீங்க" என்றாள்.

தச்சர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் டீச்சர் இரக்கமில்லாதவள் அல்ல. மறுநாள் வீட்டில் சும்மா கிடந்த கார் உறையைக் கொண்டுவந்து, தன் கையாலேயே அந்த ஜன்னலுக்குக் கட்டினாள்.