இருநூற்றுப் பதினான்கு அடுக்குகளும் ஓர் ஈரச் சுவரும்

ஆகஸ்ட் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்து. அடுக்குகள் இருநூற்றுப் பதினான்கு. அவற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பெயர் கிரகம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மருந்து டப்பாவும் சோப்பு உறையும் அச்சடிக்கும் அச்சகத்தில் அவர் பதினெட்டு வருஷமாக வடிவமைப்பாளர். வீட்டுக்கு வந்தால் கணினியில் கோள் வரைவார், நிலா வரைவார், வானத்தில் மிதக்கும் ஒளிமேகம் வரைவார். பூமியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் வராது. அதனால் அக்கம்பக்கத்தில் வைத்த பெயர் அது. மனைவி மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவளுக்கு "என்னங்க" போதும். அந்த ஒரு சொல்லில் ஒன்பது விதமான எச்சரிக்கை வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோளரங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. புதுக் கட்டடத்தின் முன்கூடச் சுவரில் இருபதடி அகலத்துக்கு ஒட்ட ஒரு விண்வெளிப் படம் தேடினார்கள். கடைசி மூன்றில் இவருடையதும் ஒன்று. இயந்திரம் தானாகப் போட்டதல்ல, கைவேலைதான் என்று காட்ட, அடுக்குக் கலையாத மூலக் கோப்பை ஞாயிறு மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். கடிதம் இரண்டு பக்கம். கிரகம் முதல் பக்கத்திலேயே குதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுக்கு என்பது கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் நிழல், ஒன்றில் தூசி என்று இருநூற்றுப் பதினான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் படம். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பெயர். அங்கேதான் வந்தது வினை. எதற்கும் உள்ளது உள்ளபடி பெயர் வை என்பது அச்சகத்துச் சட்டம். கிரகம் அதை விண்வெளியிலும் மீறவில்லை.

எழுபத்தொன்றாம் அடுக்கின் பெயர், 'பால் தீய்ந்த சட்டி அடி'. படத்தில் அது ஒரு சிவப்புக் கோள். சட்டி தொலைந்துபோனதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். சட்டி அச்சகத்து மேஜை டிராயரில் சௌக்கியமாக இருந்தது.

எண்பத்தெட்டு, 'மச்சான் மண்டை'. அதுதான் நிலா. மனைவியின் அண்ணன், பல் டாக்டர், போன வருஷம் வந்தபோது சோபாவில் அசந்த நேரத்தில் எடுத்த படம். பள்ளம், மேடு, பளபளப்பு எல்லாம் இயற்கையிலேயே அமைந்திருந்தன.

நூற்றிருபது முதல் நூற்றைம்பது வரை, 'குளியலறை ஈரம், வாரம் 1' தொடங்கி 'வாரம் 31' வரை. ஒளிமேகம் முழுவதும் அதுதான்.

ஜனவரியில் குளியலறைச் சுவருக்குள் குழாய் கசிந்தது. பிளம்பர் முதல் வாரமே பையோடு வந்தார். கிரகம் அவரை வாசலிலேயே நிறுத்தி, "இப்ப வேணாங்க, நல்லா வந்துட்டிருக்கு" என்றார். கசிவைப் பார்த்து 'நல்லா வருது' என்று சொன்ன மனிதரை பிளம்பர் தன் சர்வீஸில் கண்டதில்லை. மனைவியிடம் கிரகம் சொன்னது வேறு: "வரேன் வரேங்கறான், ஆளையே காணோம். என்ன ஜென்மங்களோ!" சுவர் வாரா வாரம் பூத்தது. கிரகம் வாரா வாரம் படம் எடுத்தார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க! அண்ணன் ஒரு மணிக்கு வந்துடுவாரு. சாப்பிட்டதும் உங்க படத்தைக் காட்டுங்க."

"காட்டிட்டாப் போச்சு."

"சும்மா இல்ல. ஒவ்வொரு லேயரா காட்டணுமாம். ஆசையா கேட்டாரு."

கிரகம் அடுக்குகளின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை உருட்டிப் பார்த்தார். எண்பத்தெட்டை மச்சான் பார்ப்பார். நூற்றிருபதை இவள் பார்ப்பாள். பிறகு இந்த வீட்டில் எந்த அடுக்கில் குடியிருப்பது?

உடனே ஒரு யோசனை பளிச்சிட்டது. கோப்புக்கு ஒரு நகல் எடுக்க வேண்டியது. நகலில் எல்லா அடுக்கையும் ஒன்றாக்கிவிட வேண்டியது. "அனுப்பறதுக்காக ஒட்டிட்டேன் மச்சான்" என்று அதைக் காட்ட வேண்டியது. மூலம் பத்திரம், மானமும் பத்திரம். தன் மூளையை நினைத்துத் தானே ஒருமுறை சிரித்துக்கொண்டார்.

அச்சகத்தில் ஒரு வேலை முடிந்தால் அடுக்குகளை ஒன்றாக்கு, சேமி, மூடு. பதினெட்டு வருஷமாக விரல்கள் இந்த மூன்றையும் மூச்சு விடாமல் செய்து பழகியவை. இப்போதும் செய்தன. டக், டக், டக்.

நகல் எடுப்பது மட்டும் மனசுக்குள்ளேயே நின்றுவிட்டது.

கிரகம் கோப்பைத் திறந்தார். அடுக்கு ஒன்று. மூடித் திறந்தார். ஒன்று. கணினியையே அணைத்துப் போட்டார். கணினி புத்துணர்ச்சியோடு எழுந்து, ஒன்று என்றது. பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது. அதை வியாழக்கிழமைதான் ஒரு பொடுகு ஷாம்பூ லேபிளுக்காக அழித்திருந்தார்.

கோப்பை மறுபடியும் ஒருமுறை மூடித் திறந்தார். ஒன்றேதான்.

மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னங்க, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

"போச்சு."

"என்ன போச்சு?"

"எல்லாம். ஒண்ணாயிடுச்சு."

"ஒண்ணானா நல்லதுதானே?"

"லேயர்டி! இருநூத்திப் பதினாலு லேயர்! ஒட்டிப் போச்சு. இனி பிரிக்கவே முடியாது. அஞ்சு மணிக்கு என்னத்த அனுப்புவேன்? ஏழு மாசம்! இருபதடி சுவர்!"

"இன்னொரு காப்பி வைக்கலையா?"

"வைக்கலையே!"

அவள் கரண்டியை மேஜையில் வைத்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவறையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள். அங்கே நோயாளி மறந்த நோயைக்கூட அவள் அலமாரி மறக்காது.

"ஒருவேளை காப்பி கிடைச்சா என்ன செய்வீங்க?"

"என்ன கேட்டாலும் செய்வேன்."

"குளியலறைச் சுவர்?"

"நாளைக்கே!"

"ஆள் வெச்சு இல்ல. குழாயை பிளம்பர் பாத்துக்குவாரு. சுரண்டறது, பட்டி பாக்கறது, பெயிண்ட் எல்லாம் நீங்க."

"நானே! சுவர் முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை வாசப்படி தாண்டினா என்னை என்னன்னு கேளு!"

"நான் கேக்கல. எழுதிக் குடுங்க."

எழுதினார். அழுத்தி எழுதினார். 'சுவர் வேலை முடியும்வரை எந்த ஞாயிற்றுக்கிழமையும், எக்காரணம் கொண்டும்' என்று அவராகவே சேர்த்தார். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். மூழ்குகிறவன் கயிற்றின் நீளத்தை அளப்பதில்லை.

அவள் துணி அலமாரியைத் திறந்தாள். தலையணை உறைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்தாள்.

"வெள்ளிக்கிழமைதோறும் முழு கம்ப்யூட்டரையும் காப்பி எடுத்து வெச்சிடுவேன். எங்க ரெக்கார்ட் ரூம்ல எதையும் ஒரே ஒரு பிரதியா வைக்க மாட்டோம்."

திரையில் முப்பத்தொரு வெள்ளிக்கிழமைகள் வரிசையாக நின்றன. கடைசி வெள்ளியைத் திறந்தாள். இருநூற்றுப் பதினான்கும் இருந்தன. கிரகத்தின் கண்ணில் நீர் வந்தது. அடுத்த வினாடியே அது வற்றியது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மவுஸை உருட்டி, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

"எழுபத்தொண்ணு. பால் தீய்ந்த சட்டி அடி."

"அது வந்து..."

"டிராயர்லயே இருக்கட்டும். புதுசு வாங்கிட்டேன். எண்பத்தெட்டு. மச்சான் மண்டை."

"ஐயோ, உங்க அண்ணன்கிட்ட மட்டும்..."

"நூத்தி இருபது. குளியலறை ஈரம், வாரம் ஒண்ணு." நிறுத்தி அவரைப் பார்த்தாள். "பிளம்பர் அன்னிக்கே எனக்கு போன் பண்ணிட்டாரு. 'அம்மா, சாருக்கு உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டாரு."

"அப்ப ஏழு மாசமா தெரியுமா?"

"தெரியும்."

"ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"படம் நல்லா வந்துட்டிருந்துச்சே."

வாசல் மணி அடித்தது. பிளம்பர் பையோடு நின்றார். வெள்ளிக்கிழமையே சொல்லி வைத்திருந்தாளாம். அவர் கிரகத்தை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பரிவோடு பார்த்து, "இப்ப எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். குளியலறையில் முதல் சுத்தியல் அடி விழுந்தது. கிரகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வாரம் முப்பத்திரண்டு அங்கே பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது.

ஒரு மணிக்கு மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்:

"மாப்பிள்ளை, எங்கே என் நிலா?"

கிரகம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி போன மாசமே அனுப்பிட்டாளே. ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். இடது பக்கம் அந்தப் பள்ளம் இருக்கு பாருங்க, அது ஏழாம் வயசுல ஊஞ்சல்ல விழுந்தது. அது எவ்ளோ தத்ரூபமா வந்திருக்கு! எனக்கு ஒரு பிரிண்ட் வேணும், பெருசா."

யாரிடமிருந்து மறைக்க ஏழு மாத உழைப்பைத் தன் கையாலேயே ஒட்டினாரோ, அவர்களில் ஒருவருக்குக்கூட அது ரகசியமாக இருக்கவில்லை. இதை ஜீரணிக்கச் சாப்பாடு முழுவதும் போதவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும், பெயர்களையாவது மாற்றி அனுப்பலாம் என்று விரலை நீட்டினார்.

"கை வைக்காதீங்க" என்றாள் மனைவி. "மாத்தினா இன்னிக்குத் தேதி விழும். நேத்து ராவோட ராவா செஞ்சதுன்னு நினைப்பாங்க. ரெக்கார்டுன்னா இருக்கறபடி போகணும்."

இருந்தபடியே போயிற்று. கோப்பு பெரிது. ஏறி முடிய நான்கு ஐம்பத்திரண்டு ஆனது. கிரகம் பெருமூச்சு விட்டு, அப்போதுதான் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். தேர்வாகும் படத்தின் திறப்பு விழா ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. படைப்பாளர் வர இயலாவிட்டால் குடும்பத்தில் ஒருவர் வரலாம்.

"இந்த ரெண்டாம் பக்கத்தை நீ படிச்சியா?"

"வெள்ளிக்கிழமையே."

"பிளம்பர் என்ன சொன்னாரு? சுவர் காய எத்தனை நாளாம்?"

"மூணு வாரம். அதுக்கப்புறம்தான் பட்டி, பிரைமர், பெயிண்ட். மூணும் தனித்தனி லேயரா அடிக்கணுமாம். அவசரப்பட்டு ஒண்ணாக்கிடக் கூடாதாம்."

"அப்ப நான் எழுதிக் குடுத்த அந்தச் சீட்டு..."

"ஃபைல்ல போட்டாச்சு. மூணு காப்பி."

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குக் கோளரங்கத்தின் முன்கூடத்தில் படம் திறந்துவைக்கப்பட்டது. பக்கத்துப் பலகையில் இருநூற்றுப் பதினான்கு அடுக்குகளின் பெயரும் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. பல் டாக்டர் நிலாவின் அருகில் நின்று நாற்பது பேரோடு படம் எடுத்துக்கொண்டார். ஒளிமேகம் எங்கே தொடங்கியது என்பதை பிளம்பர் விளக்கினார். படைப்பாளர் சார்பில் அவர் மனைவி சான்றிதழைப் பெற்றுக்கொண்டார். வீட்டில் சுவர் இன்னும் காயவில்லை.