இடது பக்கத்து வடை

பந்தியில் உட்கார்ந்து குறை சொல்வதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். அவர்களில் நான் முதல் வரிசை. சாம்பாரில் பெருங்காயம் தூக்கல், பாயசத்தில் முந்திரி கஞ்சத்தனம் என்று இலை போட்ட இடத்திலேயே தீர்ப்பு வழங்கிவிடுவேன். தஞ்சாவூரில் உரக்கடை வைத்திருக்கும் எனக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். (வீட்டில் ஒரு வெங்காயம் உரித்ததில்லை. அது வேறு விஷயம்.) இந்த வாய்தான் என் மகள் வித்யாவின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது. வாயை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. மூளையும் கூட்டுச் சேர்ந்துகொண்டது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு எனக்கு ஸ்ட்ரோக் வந்திருந்தது. கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நாற்காலியோடு சாய்ந்தேன். ஆஸ்பத்திரியில் காப்பாற்றி, நடக்கவும் வைத்து அனுப்பினார்கள். பேச்சில் குறையில்லை. இடது காலில் லேசான இழுப்பு, இடது கைக்குக் கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான். "வெயில்ல வந்த மயக்கம்" என்று எனக்கு நானே டாக்டராகி முடிவு கட்டினேன்.

தெரபி கொடுத்த பெண் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வித்யா வயதுதான் இருக்கும் அவளுக்கு. ஒரு தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகளாகப் போட்டிருந்ததைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் பேனாவால் அடிக்கச் சொன்னாள். அடித்து, கம்பீரமாக நீட்டினேன்.

"சார், இடது பக்கம் இருக்கிறதெல்லாம் அப்படியே விட்டுட்டீங்களே?"

"இடது பக்கம் ஏதும்மா? பேப்பரே அவ்வளவுதான்."

கடிகாரம் வரையச் சொன்னாள். எல்லா எண்களையும் வலது பக்கமே நெருக்கியடித்து நிற்க வைத்தேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கிறதையே மூளை மறந்துடுது. தினமும் பழகினா வரும்." நான் நம்பவில்லை. எல்.கே.ஜி. பாடத்துக்கெல்லாம் ஆட்டோ வைத்துப் போக முடியாது என்று நிறுத்திவிட்டேன். முகத்தில் பாதிதான் சவரம் ஆகிறது என்று என் மனைவி சரோஜா சொன்னபோது பிளேடைத் திட்டினேன். "தட்டுல வச்சதை மிச்சமில்லாமச் சாப்பிடுறேன்ல? எனக்கு என்ன கேடு?" என்று கேட்டேன். அவள் ரசம் ஊற்றினாள்.

இந்தச் சமயத்தில்தான் வித்யாவுக்கு வரன் வந்தது. திருத்துறைப்பூண்டி பக்கம், நெல் விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை சென்னையில் வேலை பார்க்கிறார். இரண்டு பேரும் பேசி, பிடித்துப்போய், வித்யா முகத்தில் தனிக் களை வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க நாங்கள் வேன் ஏறுகிற அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இந்த ஒரு இடத்துலயாவது வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துட்டு வாங்கப்பா."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். வேனில் ஏறியதும் சரோஜாவுக்கு ஓர் உத்தரவு போட்டேன். ஸ்ட்ரோக் என்று யாரும் மூச்சு விடக் கூடாது. காலைப் பற்றிக் கேட்டால் வரப்பில் வழுக்கிவிட்டது. (உரக்கடைக்காரனுக்கு வரப்பில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள்.)

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. அது தெரிந்துதான் போனேன். போன வேகத்தில் இடது தோளை நிலையில் இடித்துக்கொண்டேன். "நிலையைக் கொஞ்சம் குறுகலா வச்சுட்டீங்க" என்றேன். (இரட்டைக் கதவு. டிராக்டரே உள்ளே போகும்.)

ஆண்கள் முதல் பந்தி. சரோஜா பெண்களோடு அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். எனக்கு வலது பக்கம் மாப்பிள்ளையின் தாய்மாமா. இடது பக்கம் மாப்பிள்ளையின் அப்பா ராஜமாணிக்கம், அதாவது என் வருங்காலச் சம்பந்தி. அவர் அங்கே இருந்தார் என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

"வர்ற வழியெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

நான் தாய்மாமாவைப் பார்த்து, "ரொம்பச் சௌகரியம்" என்றேன். ஒன்றும் கேட்காத அவர் திருதிருவென்று முழித்தார்.

"பாப்பாவுக்கு வேலையெல்லாம் எப்படிப் போவுது?"

"நல்லாப் போவுது" என்றேன், மறுபடியும் தாய்மாமாவிடமே. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் பக்கம் சாய்ந்து, ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில் கேட்டேன். "ஆமா, சம்பந்தியை ஆளையே காணோமே? ஒரு மரியாதைக்காவது பக்கத்துல வந்து உட்கார வேணாமா?"

தாய்மாமா எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

அடுத்தது இலை. நுனி இடது பக்கம் வரத்தானே போடுவோம்? உப்பு, ஊறுகாய், பச்சடி, அப்பளம், வடை எல்லாம் அந்தப் பக்கம்தான் விழும். எனக்கு அந்தப் பக்கமே கிடையாது. என்னைப் பொறுத்தவரை அந்த வீட்டில் போட்டது சோறும் அதில் ஊற்றிய ரசமும் ஒரு பொரியலும் துளிப் பாயசமும். பரிமாறியவர் மாப்பிள்ளையின் தம்பி.

"தம்பி, வடை?"

வைத்தார்.

"தம்பி, வடை கேட்டேனே?"

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"ஏம்ப்பா, வடைன்னா என்னன்னு தெரியுமா தெரியாதா?"

வாளியோடு குனிந்து இன்னும் வைத்தார். இலையில் ஒரு வடைகூட இல்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. (ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே ரத்தம்.)

"உப்புகூட வைக்காத இலையில கை நனைக்கச் சொல்றீங்க! ஒரு வடை போட மனசு வரல! இந்த வீட்டுக்கா என் பொண்ணை அனுப்பணும்?" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

அடுக்களையிலிருந்து சரோஜா ஓடி வந்தாள். என் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இலையை இரண்டு கையாலும் பிடித்து, நுனி வலது பக்கம் வர அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள். "ஐயய்யோ, நுனியை மாத்தி வைக்கிறாங்களே!" என்று யாரோ ஒரு அம்மா பதறினார். ரசம் ஓடி வந்து என் வேட்டியில் இறங்கியது.

அப்போதுதான் பார்த்தேன். உப்பு. ஊறுகாய். பச்சடி. அப்பளம். அப்புறம் வடை, ஒன்றின் மேல் ஒன்றாக ஒரு குவியல்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. மூக்குக்கு நேராக இருந்த வடை எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் ரோட்டில் எதைப் பார்க்காமல் நடந்தேன்? கடையில் யாரைப் பார்க்காமல் விட்டேன்? தள்ளிய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றாள் சரோஜா, என் இடது பக்கம் பார்த்து. "இவங்களுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. இடது பக்கம் இருக்கிறது எதுவும் இவங்களுக்குத் தட்டுப்படாது. வீட்டுல தட்டு வட்டமா இருக்கிறதால ரசம் ஊத்துற சாக்குல நானே திருப்பி வச்சிடுவேன். இலையை என்னத்தப் பண்றது? வெளியில சொல்லக் கூடாதுன்னுட்டாங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கு வித்யாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

"அப்பாடா!" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். சம்பந்தி உட்கார்ந்திருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பேசப் பேச நீங்க மச்சானையே பார்த்துப் பதில் சொன்னீங்களா, பொண்ணு குடுக்க இஷ்டமில்ல போலிருக்குன்னு நெனச்சேன். அதை நேரா சொல்லத் தெரியாம வடைய வச்சுச் சண்டை இழுக்குறாருன்னு தோணிச்சு. எம் பையனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேங்க. ஸ்ட்ரோக்தானே?"

'ஸ்ட்ரோக்தானே' என்று அதை அத்தனை சந்தோஷமாகச் சொன்ன மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தாய்மாமா முதலில் சிரித்தார். பிறகு பந்தி முழுக்கச் சிரித்தது. சரோஜா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆறிப்போன அந்த வடைகளில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், குறையே இல்லை.

"வைத்தியம் பார்த்துக்கிறீங்கல்ல?" என்று கேட்டார் சம்பந்தி. சரோஜா என்னை முறைத்தாள்.

"நாளைக்கே போறேங்க" என்றேன். போனேன்.

தெரபிப் பெண் இந்தக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோட்டுத் தாளை ஓரங்கட்டிவிட்டு ஒரு வாழை இலையை விரித்தாள். "இனிமே உப்பைக் கண்டுபிடிக்காம சோத்துல கை வைக்கக் கூடாது சார். உப்புலேர்ந்து ஆரம்பிச்சு வலது பக்கம் வாங்க." இது எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் சோம்பேறி. ஒரு நாள் தேடுவேன், மறுநாள் மறப்பேன்.

அதற்கு மருந்து சம்பந்தியிடம் இருந்தது. கல்யாணப் பந்தியில் பிடிவாதமாக என் இடது பக்கமே உட்கார்ந்து, என் வடையை எடுத்துத் தின்றுவிட்டார். "உங்க இடது பக்கம் உங்க பொறுப்பு சம்பந்தி. கவனிக்கலேன்னா நான் எடுத்துக்குவேன்." மறுவீட்டு விருந்திலும் போயிற்று. வித்யாவின் வளைகாப்பிலும் போயிற்று. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் இலை போட்டுப் பழகினேன், சொன்ன பயிற்சியெல்லாம் செய்தேன்.

"பேப்பர் கொடுத்தப்ப இவ்வளவு ஆர்வம் காட்டலியே சார்?" என்றாள் தெரபிப் பெண்.

"பேப்பர் என் வடையைத் தின்னலியேம்மா" என்றேன்.

சம்பந்திக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. மாலையைக் கழற்றிய கையோடு வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தார். நான் உப்பைப் பார்த்தேன், ஊறுகாயைப் பார்த்தேன், வடையையும் பார்த்தேன். பார்க்காதது போல வலது பக்கம் திரும்பித் தாய்மாமாவிடம் நெல் விலை பேசினேன். மெதுவாக ஒரு கை வந்தது. பிடித்தேன், இடது கையால். (பந்தியில் இடது கையை நீட்டுவது மரியாதை இல்லைதான். ஆனால் என் சோம்பேறிக் கை தானாக நீண்டது அன்றைக்குத்தான்.)

"விடுங்க சம்பந்தி, அறுபது வயசுக் கை!" என்று அவர் கத்த, பந்தியே கைதட்டியது. எதிர் வரிசையில் சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்த வடையை எடுத்துச் சம்பந்தியின் இலையில் வைத்து, "தெரபிக்கு ஃபீஸ்" என்றேன்.

எங்கள் இரண்டு வீட்டிலும் இன்றைக்கும் சாவி காணாமல் போனாலும் கண்ணாடி காணாமல் போனாலும் "இலையைத் திருப்பிப் பாரு" என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சரோஜா இப்போதெல்லாம் என் தட்டைத் திருப்புவதில்லை. ரசத்தை மட்டும் ஊற்றிவிட்டுப் போகிறாள். வடை சுடுகிற நாளில் மட்டும் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்: "உங்க சம்பந்தி வர்றாராம், பார்த்துச் சாப்பிடுங்க!"