மொட்டைமாடியில் பசி ஒழிப்பு மாநாடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் அத்தை மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறாள். அவள் உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டு வருவதாகத் தகவல் வந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்று எப்படியாவது தடுத்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். நீங்கள் உலக நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பில் வேலைக்குச் சேர்ந்ததை இந்த அடுக்குமாடியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பல் டாக்டர், "அப்ப உங்க மாப்பிள்ளை ஊருக்கெல்லாம் சாப்பாடு போடுவாரா?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, இனி ஒருவரும் பசியோடு படுக்கக் கூடாது என்று நாடுகள் கூடித் தொடங்கிய அமைப்பு அது, யாருக்குச் சாப்பாடு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கணக்கெடுத்து, விளைச்சலைப் பெருக்க வழி சொல்வதுதான் முக்கிய வேலை என்று நீங்கள் போனில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரித்தார். செய்தே காட்டுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை குடித்தனக்காரர்களை எல்லாம் மொட்டைமாடிக்கு வரவழைத்து, காய்கறித் தோட்டம் போட்டுக் கட்டடத்தில் பசியை ஒழிப்பது பற்றி மாநாடு கூட்டினேன். தக்காளியா கத்தரியா என்பதிலேயே மதியம் தாண்டிவிட்டது, டாக்டர் தக்காளிக் கட்சி, மேல்வீட்டுத் தையல்காரர் கத்தரிக் கட்சி, ரெண்டு பேரும் இறங்கி வருவதாக இல்லை, யார் வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை, பசியில் ஒருவரையொருவர் கடிக்காத குறை. வேறு வழியில்லாமல் அத்தனை பேரையும் நம் வீட்டுக்கே கூட்டி வந்தேன். அத்தை இருந்ததையெல்லாம் பரிமாறினாள். பாத்திரத்தை வழித்தாகிவிட்டது. நான் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, "நம்ம கட்டடத்துல பசி ஒழிஞ்சாச்சு" என்று அறிவித்தேன். கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அத்தை கேட்டாள்: "எல்லாரையும் கேட்டீங்களே, நான் சாப்பிட்டேனான்னு கேட்டீங்களா?"

"நீ வீட்டு ஆள்தானே" என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். அப்போது பெட்டி கட்ட ஆரம்பித்தவள்தான். மாப்பிள்ளை, அவள் இல்லாத வீட்டில் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அவள் மனசு இறங்கட்டும் என்று இன்றைக்கு நானே சமைக்கப்போகிறேன்.

மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: சமைத்தேன். அத்தை ஒரு வாய் வைத்தாள். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து அவள் துணிகளை வெளியே எடுத்தாள். கோபம் தீர்ந்தது என்று மகிழ்ந்துபோனேன். இப்போது என் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். "பசியை ஒழிக்கிறது எப்படின்னு மாப்பிள்ளைகிட்டயே போய் முழுசாக் கத்துக்கிட்டு வாங்க" என்கிறாள். ஆகவே அத்தையைத் தடுக்கச் சொல்லி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். சனிக்கிழமை ரயிலில் நான் வருகிறேன்.