அனுப்புநர் செய்கு முகம்மது

மனிதன் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது சக்கரம் என்று சொல்கிறவர்கள் ஒரு விண்ணப்பப் படிவத்தைக்கூட முழுசாக நிரப்பியிருக்க மாட்டார்கள். சக்கரம் தான் மட்டும் சுற்றும். படிவம் மனிதனையே சுற்ற வைக்கும். துபாய் சத்வாவில் ஒரு டைப்பிங் சென்டரில் முப்பத்து நான்கு வருடம் விசா படிவங்கள் அடித்து ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன். என் கையால் விசா அடிக்கப்பட்டவர்களை நிறுத்தினால் வரிசை பக்கத்து நகரமான அல் ஐன் வரை போய்த் திரும்பி வரும். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். ஆனால் அல் ஐன் வரை நிச்சயம் போகும்.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து சேர்ந்தது தையற்காரர் செய்கு முகம்மதுவின் பாக்கியம். காயல்பட்டினத்துக்காரர். முப்பத்தோரு வருடமாக எங்கள் தெருவில் அரபிகளுக்குக் கந்தூரா என்னும் நீள அங்கி தைக்கிறார். நூலைப் பல்லால் கடித்தே அறுத்ததில் முன்பற்கள் நான்கும் ஒவ்வொன்றாக ‘ஓய்வு’ பெற்றுவிட்டன.

ஊரில் அவர் பெயரில் இருந்த இரண்டு சென்ட் நிலத்தை விற்றபோது, வெளிநாட்டில் இருப்பவர் என்பதால் வரி பிடித்தார்கள். கூடுதலாகப் பிடித்துவிட்டதாகவும், நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாயைத் திருப்பித் தரச் சித்தமாயிருப்பதாகவும் பிறகு தகவல் வந்தது. பல் டாக்டர் ‘செட்’டுக்குக் கேட்டதும் ஏறக்குறைய அதே தொகை.

“காக்கா, கறி கடிச்சு ரெண்டு வருசமாச்சு,” என்றார், அண்ணனை அழைக்கும் காயல் வழக்கில், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. “பல்லு கட்டணும்.”

“சம்பளத்துல கட்டியிருக்கலாமே?”

“அது வீட்டுக் காசுல்லா. இதுதான் என் காசு.”

“சரி, உங்க பேங்க் கணக்கு நம்பரச் சொல்லுங்க.”

“எனக்குக் கணக்கே கிடையாதே.”

“கணக்கில்லாம எப்படி?”

“கடை அர்பாப் சம்பளத்தக் கையில குடுப்பாரு. நேரா எக்ஸ்சேஞ்சுக்குப் போயி ஜுபைதா கணக்குக்கு அனுப்பிருவேன். நிலம் வித்ததும் அவ கணக்குக்குத்தான் போச்சு. பஸ்ஸுக்கு மட்டும் சட்டைப் பையில வச்சுக்குவேன்.”

முந்நூற்று எழுபது தடவை மனைவிக்குப் பணம் அனுப்பிய மனிதருக்கு ஒரு தடவை பெற்றுக்கொள்ள வழியில்லை. எவ்வளவு சுத்தமான ஏற்பாடு என்று வியந்தேன்.

வரித் துறையின் நிபந்தனையும் சுத்தமானதுதான். பணம் அவரவர் பெயரில் உள்ள கணக்குக்கே போகும். மனைவி கணக்கு செல்லாது. ஊர் வங்கிக்குப் போன் போட்டேன். மேலாளர் மிகப் பொறுப்பானவர்.

“துபாய்ல வீட்டு நம்பர் என்ன சார்?”

“தபால் பெட்டி நம்பர்தான் இருக்கு.”

“பெட்டில எப்படி சார் குடியிருப்பாரு?”

“கட்டில்ல குடியிருக்காரு. ஆறு பேர் ரூம்ல, ஜன்னல் பக்கக் கட்டில்.”

“கட்டிலுக்கு வாடகை ஒப்பந்தம் இருக்கா?”

“மெத்தையே இல்ல சார்.”

மேலாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

இப்படி ஏழு மாதம். நான் படிவம் படிவமாக நிரப்பினேன். செய்கு கஞ்சி குடித்தார். பெருநாள் பிரியாணியில் தன் பங்குக் கறியை ஒதுக்கி என் தட்டில் வைத்தார். நட்புக்காகச் சாப்பிட்டேன்.

கடைசித் தடை, இந்தியக் கைபேசி எண். ரகசிய எண் அதில்தான் வரும். செய்குவிடம் அது இல்லை. என் முப்பத்து நான்கு வருட அனுபவம் விழித்துக்கொண்டது. கூட்டுக் கணக்காக்கினேன். முதல் பெயர் செய்கு முகம்மது, இரண்டாம் பெயர் ஜுபைதா, கைபேசி ஜுபைதாவுடையது. இருவரில் ஒருவர் எடுத்தால் போதும். என் ஆயுளிலேயே அழகான படிவம் அது. நகல் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கணக்கு திறந்த ஒன்பதாம் நாள் செய்குவின் தையல் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஜுபைதாவின் அழைப்பு வந்தது. நானும் கேட்கட்டுமென்று செய்கு ஸ்பீக்கரில் போட்டார்.

“மச்சான், உங்க பணம் வந்துருச்சு. உங்க காசு, உங்களுக்குத்தான் செலவழிக்கணும்னு நெனச்சேன்.”

செய்குவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க ரூமுக்கு ஏசி மாட்டியாச்சு.”

ஊர் வீட்டின் அந்த அறையில் அவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் படுப்பார். மற்ற நாட்களில் மருமகன்.

“நல்லா குளிருதுன்னு மருமகன் சொல்றாரு. எட்டாயிரம் கொறையுது மச்சான். புதுக் கணக்குலயே போட்டுருங்க.”

பல் போன விஷயத்தை அவர் ஊருக்குச் சொன்னதே இல்லை. வீடியோவில் பேசும்போதெல்லாம் தாடியைத் தடவுகிற மாதிரி வாயை மூடிக்கொள்வார். இப்போதும் மூடிக்கொண்டார்.

“போட்டுர்றேன்.”

எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில் ஈரோட்டுப் பெண் ஜோதிமணி. செய்குவைப் பார்த்ததும் ஜுபைதாவின் பெயரைத் தட்டத் தொடங்கினாள்.

“இன்னைக்கு ஆள் வேறம்மா. செய்கு முகம்மது,” என்றேன்.

“அது அனுப்பறவரு பேருங்க.”

“பெறுறவரும் அவருதான்.” எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் செய்குவைப் பார்த்தாள். “அவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?”

“அது நான்தாம்மா.”

“சிஸ்டத்துல ‘நான்’ இல்லீங்களே. அம்மா, சம்சாரம், பசங்க, கூடப் பொறந்தவங்க இருக்குது. கடைசியா ‘உறவில்லை’ன்னு இருக்குது. எதைப் போடட்டுங்க?”

செய்கு வாயிலிருந்து கையை எடுத்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ “யல்லா பாய்” என்று அவசரப்படுத்தினார்கள்.

அனுபவசாலி என்ற முறையில் நான் முந்திக்கொண்டேன். “உறவில்லைன்னே போடும்மா.”

போட்டாள். இத்தனை வருடத்தில் நான் சொல்லி நிரப்பிய ஒரு படிவம் கேள்வியே இல்லாமல் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது அன்றுதான்.