கொண்டைக்குருவியின் நிரந்தர வதிவிடம்

கண்டி மாநகரத்திலும் அதனைச் சூழவுள்ள பிரதேசங்களிலும் பெண்பிள்ளை பெற்ற தாய்மார் செய்யவேண்டிய கருமங்கள் இரண்டு. ஒன்று, பிள்ளைக்குப் பெயர் வைப்பது. மற்றது, அந்தப் பெயரை முதலாம் தரத்தில் எந்தக் கொன்வென்டின் இடாப்பில் எழுதப்போகிறார்களோ என்று பயப்படத் தொடங்குவது. முதலாவதற்கு நாங்கள் ஒரு மாதம் எடுத்தோம். இரண்டாவதை நான் ஆசுபத்திரிக் கட்டிலிலேயே தொடங்கிவிட்டேன்.

லதுஷாவுக்கு இப்போது ஐந்து வயது. நான் படித்த கொன்வென்டிலேயே அவளும் படிக்கவேண்டும் என்பது என் ஆசை என்று சொன்னால் அது பொய். அது என் பயம். முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைப் புள்ளி போட்டுத்தான் எடுப்பார்கள். நான் பழைய மாணவி என்றபடியால் கொஞ்சப் புள்ளி. வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தபடியால் இன்னும் கொஞ்சம். ஆனால் நாங்கள் இருப்பது வாடகை வீடு, காணி உறுதி கிடையாது. எப்படிக் கூட்டினாலும் போன வருடத்து வெட்டுப்புள்ளிக்கு ஐந்து குறைந்தது. நான் ஒரு தரம் கூட்டி, என் கணவர் சுஜந்தன் ஒரு தரம் கூட்டி, இரண்டு பேரும் கல்குலேட்டரை மாற்றியும் கூட்டிப் பார்த்தோம். ஐந்து ஐந்தாகவே நின்றது.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது.

"மாணவரின் வதிவிடத்தில் நிரந்தரமாக வாழும் காட்டுப் பறவைக் குடும்பம் ஒன்று இருப்பின் ஐந்து மேலதிகப் புள்ளிகள் வழங்கப்படும். கோழி, தாரா, கூண்டுக்கிளி என்பன இச்சுற்றறிக்கையின் நோக்கங்களுக்காகப் பறவைகளாகக் கருதப்படமாட்டா."

மேலிடத்தில் யாரோ ஒருவர் குளிர்நாடொன்றுக்குக் கருத்தரங்குக்குப் போனாராம். அங்கே பறவை உள்ள வீட்டுப் பிள்ளைகள் சத்தம்போடாமல் இருந்ததைக் கண்டாராம். அந்த ஊர்ப் பெரியவர்களும் சத்தம்போடுவதில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை போலும்.

இரண்டே கிழமையில் கண்டி மாறிப்போனது. பிலிமத்தலாவைப் பித்தளைக் கடைகளில் குத்துவிளக்குக்கு முன்வரிசையில் இருந்த இடம் போய், பறவை குளிக்கும் தட்டு அங்கே ஏறிக்கொண்டது. பிறந்தநாள் வீடுகளில் "உங்கட வீடு பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை மீற்றர்?" என்று கேட்ட பெண்கள், "உங்கட வீட்டில என்ன அலகு? வளைஞ்சதோ, நேரோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு டொக்டர் முற்றத்தைத் தோண்டிக் குளம் கட்டி மீன் விட்டார். மீன்கொத்தி வந்தது. மீன் முடிய மீன்கொத்தியும் முடிந்தது.

பறவை டியூசனும் வந்தது. இரசாயனவியல் படிப்பித்த மாஸ்டர் ஒருவர், தேவை அறிந்து துறை மாறினார். தானியம் தின்பவற்றின் அலகு பாக்குவெட்டி, தேன்சிட்டின் அலகு ஊசி, கொக்கின் அலகு குறடு என்று ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் கொடுத்தார்.

"அம்மா, குருவிக்குப் பல்லு இல்ல. கல்லு விழுங்கித்தான் வயித்துக்குள்ள அரைக்கும்," என்று லதுஷா சொன்ன அன்று, நான் அவளுடைய சட்டைப்பை முழுவதும் கல் தேடினேன். இரண்டு கிடைத்தது. விழுங்கியது எத்தனை என்று தெரியாமல் விடியும்வரை அவள் வயிற்றில் கைவைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

எங்கள் வளவுக்கு வருவது ஒரு கொண்டைக்குருவிச் சோடி. பப்பாசி பழுத்தால் எங்களுக்கு முன்னால் அவற்றுக்குத்தான் தெரியும். ஆனால் கூடு கட்டியிருந்தது பக்கத்து வீட்டுப் பாயிஸாவின் விறாந்தை மின்விளக்குக் கிண்ணத்துக்குள். பாயிஸாவின் மகள் மின்ஹாவுக்கும் அதே வயது, அதே கொன்வென்ட், அதே ஐந்து புள்ளி.

"லதுஷாட அம்மா, குருவி எங்கட ஊட்டுலதானே ஈக்கி," என்றாள் பாயிஸா மதிலுக்கு மேலால்.

"இருக்கிறது உங்கட வீட்டில. ஆனா சாப்பிடுறது எங்கட பப்பாசி."

"தின்னிட்டுப் போறவங்களெல்லாம் ஊட்டாளா? அப்படிண்டா என்ட மாமியார்ட ஆக்கள் அத்தன பேரும் எங்கட ஊட்டாள்தான்."

"அப்ப நித்திரை கொள்ளுறவை மட்டும் வீட்டாக்களோ? உங்கட அவர் மதியத்தில கடையிலதானே நித்திரை."

இப்படியே விட்டால் நல்ல அயல் கெட்டுவிடும் என்று பயந்து, இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் காரியாலயத்துக்குப் போனோம்.

காரியாலயத்தின் பெயர் வதிவிடப் பறவைகள் உறுதிப்படுத்தல் பிரிவு. யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. திறந்தால் புறா வந்து பைலில் இருக்குமாம். பொறுப்பதிகாரி நவரட்ணராஜா, கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ தங்கச்சி. என்ன இனம்?"

"கொண்டைக்குருவி, சேர்."

"ஆருடைய பெயரில?"

"அதுதான் சேர் பிரச்சினை."

அவர் சுற்றறிக்கையின் ஏழாம் பந்தியை விரித்தார். உண்ணல், உறங்கல், குஞ்சு வளர்த்தல். இம்மூன்றில் ஆகக்குறைந்தது இரண்டை எந்த முகவரியில் செய்கிறதோ, அதுவே அந்த உயிரினத்தின் நிரந்தர வதிவிடம்.

"உண்ணல்?"

"எங்கட பப்பாசியில, சேர்."

"உறங்கல்?"

"எங்கட லைட்டுல," என்றாள் பாயிஸா.

"குஞ்சு வளர்த்தல்?"

"அதுவும் எங்கட லைட்டுலதான்!" பாயிஸாவின் முகம் மலர்ந்தது.

நவரட்ணராஜா பேனையை உயர்த்தினார். "பொறுங்கோ. கொண்டைக்குருவி பெரிசானால் பழம் தின்னும். குஞ்சுக்குக் கொடுக்கிறது பூச்சி. அந்தப் பூச்சியை எந்த வளவில பிடிக்குது?"

"எங்கட கறிவேப்பிலையில, சேர்!" என்றேன். கடவுளே, என் குரல் அப்படி உயரும் என்று நானே நினைக்கவில்லை.

"அப்ப குஞ்சு வளர்த்தலில தங்குமிடம் அவ, போசணை நீங்கள். பாதி, பாதி." எழுதிக் கூட்டினார். "உங்களுக்கு ஒன்றரை. அவவுக்கு ஒன்றரை. ஒருவருக்கும் இரண்டு இல்லை. ஆகவே இந்தப் பறவை சட்டப்படி எங்கேயும் வசிக்கவில்லை."

எங்களுக்குப் பின்னால் நின்ற பெண் குயிலுக்கு வந்தவள். "குஞ்சை ஆர் வளர்க்கிறது?" என்று நவரட்ணராஜா அவளைக் கேட்டார். "காகம்தான் சேர், காகக் கூட்டிலதானே முட்டை போடும்," என்றாள். "அப்ப காகம் சட்டபூர்வ பாதுகாவலர். காகத்தின் சம்மதக் கடிதத்தோட வாங்கோ," என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எழுத்தில் ஒன்று கொண்டுவரச் சொன்னால் கொஞ்சம் நம்பிக்கை வரும் எங்களுக்கு.

பாயிஸா வீட்டுக் குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்தன. அடுத்த முட்டைக்குத் தாய்க்குருவி திரும்பி வரும்போது வசதியாக இருக்கட்டும் என்று, அவளுடைய கணவர் ஜவாஹிர் பழைய கூட்டை எடுத்தெறிந்துவிட்டு விளக்கைப் பொலிஷ் போட்டு மினுக்கினார். குருவி வந்தது, மினுக்கத்தில் தன்னையே கண்டது, எதிரி என்று நினைத்து இரண்டு தரம் கொத்தியது, பிறகு மதில் தாண்டி எங்கள் படுக்கையறை விளக்குக்குள் தும்பு சேர்க்கத் தொடங்கியது.

பாயிஸா ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் அவளுடைய பின்வாசலில் கிடந்த உடைந்த ரைஸ் குக்கருக்குள் வண்ணாத்திக்குருவி ஒன்று முட்டையிட்டிருக்கக் கண்டு, எனக்கு வட்டிலப்பம் கொடுத்துவிட்டாள். அயல் தப்பியது.

இனி என் குருவி. மூன்றில் இரண்டு போதாது எனக்கு, மூன்றும் வேண்டும். டியூசன் மாஸ்டரிடம் கேட்டேன். விளக்குப் போடக்கூடாது, மின்விசிறி கூடாது, ஆள் நடமாட்டம் கூடாது, முக்கியமாகப் பிள்ளைச் சத்தம் கூடாது என்றார். லதுஷா குசினியிலிருந்து கூப்பிட்டால் கண்டிக் குளத்து நீர்க்காகங்களே எழும்பும்.

ஆகவே நானும் சுஜந்தனும் சாப்பாட்டறையில் பாய் போட்டோம். லதுஷாவைக் கட்டுகஸ்தோட்டையில் என் தங்கை வீட்டில் விட்டோம். காலைப் பாண் முன்பள்ளிக்குப் போகும் வானுக்குள். மதியச் சோறு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில். பின்னேரம் பறவை டியூசன். இரவுச் சாப்பாடும் நித்திரையும் தங்கை வீட்டில்.

"என்னப்பா," என்றார் சுஜந்தன், "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எடுக்கிறதுக்குப் பிள்ளையையே வெளியில அனுப்பியாச்சு."

"ஐந்து புள்ளியப்பா!"

"நானும் வெளியில போனா இன்னும் ஐந்து தருவாங்களோ?"

"மெதுவாக் கதையுங்கோ. அடைகாக்குது."

ஒவ்வொரு நாளும் தங்கையின் போனில் லதுஷா வருவாள். அவளுக்கும் தொற்றிவிட்டது, குசுகுசுத்துத்தான் பேசுவாள். "அம்மா, குருவி சாப்பிட்டிட்டுதா?"

"ஓம் குஞ்சு. ஒரு பாதிப் பப்பாசி."

நீ சாப்பிட்டியா என்று கேட்க வாயெடுப்பேன். அறைக்குள் ஏதாவது கீச்சிடும். விழுந்துவிட்டதோ, பூனை வந்ததோ என்று போனை வைத்துவிட்டு ஓடுவேன்.

பரிசோதனைக்கு மூன்று பேர் வந்தார்கள். நவரட்ணராஜா, அடிமட்டத்துடன் எழுதுவினைஞர் நிருஷா, மற்ற இரண்டு பேரும் வந்தார்கள் என்று கையெழுத்து வைப்பதற்கு ஒருவர். மூவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவதுபோல் அறைக்குள் போனார்கள்.

"முன்னுக்கு மூன்று விரல், பின்னுக்கு ஒன்று. சரி," என்றார் நவரட்ணராஜா தொலைநோக்கியை இறக்கி. "வாலடியில சிவப்பு. உண்மையான சிவப்பு. போன கிழமை ஒரு வீட்டில மைனாவுக்குப் பஞ்சில கொண்டை ஒட்டி வைச்சிருந்தவை, தங்கச்சி."

குஞ்சுகள் மூன்றும் வாயைப் பிளந்தன. தாய் வெட்டுக்கிளியோடு வந்து ஊட்டியது. நிருஷா மூன்று சரி போட்டாள். உண்ணல், உறங்கல், குஞ்சு வளர்த்தல். ஐந்து புள்ளி!

"நல்லது. இனிப் பிள்ளையைப் பார்ப்பம்," என்றார் நவரட்ணராஜா.

"பிள்ளை... கிளாசில, சேர்."

"பல் துலக்கிற பிரஷ்?"

"தங்கச்சி வீட்டில."

"சரி. உண்ணல்?"

"வானில சேர். பிறகு பராமரிப்பு நிலையம்."

"உறங்கல்?"

"அதுவும் தங்கச்சி வீட்டிலதான், சேர்."

"வளர்த்தல்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவரே கோடு கீறினார். "தங்கச்சி, பந்தி ஏழு எல்லா உயிருக்கும் பொது. பறவைக்கு ஒரு சட்டம், பிள்ளைக்கு ஒரு சட்டம் வைக்க ஏலாது. இந்த முகவரியில நிரந்தரமாக வசிக்கிறது கொண்டைக்குருவி. உங்கட பிள்ளை இடைக்கிடை வந்துபோற இனம். வலசை."

மதிலுக்கு அப்பாலிருந்து பாயிஸாவின் அலறல் கேட்டது. அவளுடைய வீட்டுக்குக் காலையிலேயே போய்விட்டு வந்திருந்தார்கள். முடிவுக் கடிதத்தை இப்போதுதான் வாசித்திருக்கிறாள். "யா அல்லா! எங்கட மின்ஹாவும் வலசையாம்!"

"இண்டைக்குப் பதினொரு வீடு பார்த்தம் அக்கா," என்றாள் நிருஷா இரக்கத்தோடு. "பதினொன்றிலயும் பறவை இருக்கு. ஒன்றிலயும் பிள்ளை இல்லை."

சுஜந்தனுக்குக் கோபம் வந்தது. "சேர், உங்கட வீட்டில பிள்ளை இருக்கோ?"

நவரட்ணராஜா தொலைநோக்கியைத் துடைத்தார். "மகன் ஓ.எல். சோதனை எடுக்கிறான். விடிய முதல் ஒரு கிளாஸ், பின்னேரம் இரண்டு." கொஞ்சம் யோசித்தார். "ஆளைக் கண்டு கனநாள். குரலை வைச்சு அடையாளம் காணுவன்."

கையெழுத்து வைக்க வந்த, அதுவரை வாயே திறக்காத மூன்றாமவர் அப்போது பேசினார். "வலசைக்கும் ஒரு ஏற்பாடு செய்யலாம் சேர். ஒவ்வொரு வருசமும் ஒரே இடத்துக்குத் திரும்பி வருதெண்டு நிரூபிச்சால் போதுமே. உலகத்தில அதுக்கு ஒரு முறை இருக்குதானே."

பதினைந்து நாளில் திருத்தச் சுற்றறிக்கை வந்தது. வலசைப் பறவைகளுக்குப் போலவே வலசைப் பிள்ளைகளின் காலிலும் இலக்கமிட்ட வளையம் பூட்டப்படும். அதே வளையத்துடன் அதே முகவரிக்கு வருடத்தில் ஒரு தரமாவது திரும்பி வந்தால், வதிவிடம் உறுதி. நான் சந்தோசத்தில் அழுதேன். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். பயந்தவளுக்கு ஒரு கடவுள் போதாது.

வளையம் பூட்டும் நாளில் விடியற்காலையிலேயே லதுஷாவைத் தங்கை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் பதினேழு பேர். மின்ஹாவைத் தோளில் போட்டுக்கொண்டு பாயிஸா பதினேழாவது. பிள்ளைகளுக்கென்று புதுப் படிவம் அச்சடிக்க நேரம் இல்லாததால் பறவைப் படிவத்தையே கொடுத்தார்கள். நிருஷா அடிமட்டத்தால் லதுஷாவின் மூக்கை அளந்து, அலகு என்ற இடத்தில் எழுதினாள். லதுஷா இரண்டு கையையும் விரித்தாள். சிறககலம் என்ற இடம் நிரம்பியது.

"இறகு உதிருதோ?"

"இரண்டு முன்பல் விழுந்திட்டுது," என்றேன்.

"அப்ப ஓம்."

நவரட்ணராஜா லதுஷாவின் வலது காலைத் தன் மடியில் வைத்தார். சின்ன அலுமினிய வளையம், மேலே ஆறு இலக்கம். குறட்டால் மெல்ல நெருக்கினார். பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கலான, மலிவான, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரியான வளையம். வெட்டுப்புள்ளி இந்த வருடம் கூடினால் என்ன செய்வது?

"சேர்," என்றேன், குரலைத் தாழ்த்தி. "வெள்ளியில செய்து கொண்டுவந்து போட்டால் புள்ளி கூடுமோ?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை தாய்மாரும் பேச்சை நிறுத்தி, பதிலுக்காகக் கழுத்தை நீட்டினார்கள்.