சுளுக்கு எடுத்த மலைப்பாம்பும் நேர்மையான பலகையும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்தும் சிக்னல் வந்துசேராத ஒரு காட்டில், சோலைமுத்து என்றொரு மலைப்பாம்பு இருந்தான். சுளுக்கு எடுப்பது அவன் தொழில். கை இல்லாத குறையே தெரியாது. பிடிப்பு இருக்கிற இடத்தைச் சுற்றி மெல்ல இறுக்கி, ஒரு திருகு திருகி விட்டுவிடுவான். 'களுக்' என்று சத்தம் கேட்கும். நொண்டிக்கொண்டு வந்தவர் எழுந்து ஓடுவார்.

ஓடுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சில சமயம் சோலைமுத்துவுக்குப் பசிக்கும்.

அதனால் கடைக்கு ஆள் வருவதில்லை. 'கைராசியான சுளுக்கு வைத்தியர்' என்று பாறையடியில் ஒரு பலகை வைத்துப் பார்த்தான். "கையே கிடையாது, ராசி எங்கேருந்து வரும்?" என்று குரங்குகள் சிரித்துவிட்டுப் போயின. வியாபாரம் படுத்துவிட்டதே என்றுகூட அவன் கவலைப்படவில்லை. பக்கத்தில் ஒருவர் படுத்துக்கொண்டு, கண்ணை மூடி, "அங்கதான், அங்கதான், அப்படித்தான்" என்று முனகுவதைக் கேட்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம். அதைக் கேட்டு ஆறு மாதமாகியிருந்தது.

அப்போதுதான் அய்யனார் கோயில் மண்குதிரையின் காலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்தான். 'இறைநம்பிக்கையும் நேர்மையும் வழிநடத்தும் விளம்பரக் கலை. தொடக்க நிலை. மூன்று நாள். மதிய உணவு உண்டு.' நடத்துபவர் முள்ளம்பன்றி தவசிலிங்கம். காட்டில் பெரிய மதிப்பு அவருக்கு. அவரை எதிர்த்துப் பேசியவர்களும் உண்டு. கொஞ்சம் தள்ளி நின்று பேசினார்கள்.

வகுப்பில் தேன் விற்கும் கரடி இருந்தது. பாம்புக்கடிக்கு வேர் விற்கும் கீரி இருந்தது. சோலைமுத்து உள்ளே வந்ததும் அது இடம் மாறி உட்கார்ந்தது. சாமி கும்பிட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார் தவசிலிங்கம்.

"பலகையில் பொய் எழுதாதே. அய்யனார் படிக்கிறார். உன் சரக்கில் என்ன குறையோ, அதை நீயே முதலில் சொல்லிவிடு. எழுந்திரு தம்பி, உன் தொழிலில் என்ன குறை?"

"சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே, சார்?" என்றான் சோலைமுத்து.

"சொல்லு, சொல்லு."

"பத்துப் பேர் வந்தா ஒருத்தரை முழுங்கிருவேன் சார். அதுக்கு மேல சத்தியமா கிடையாது."

வகுப்பு மொத்தமும் ஓரடி பின்னால் நகர்ந்தது. தவசிலிங்கம் மட்டும் நகரவில்லை.

"ஆகா! அதை அப்படியே எழுது."

"எழுதினா ஆள் வருமா சார்?"

"அது அய்யனார் பொறுப்பு."

சோலைமுத்து மண்குதிரையின் முன்னால் தலையைத் தரையில் வைத்துச் சத்தியம் செய்தான். தன் பலகையில் இருப்பது என்றைக்கும் உண்மையாகவே இருக்கும் என்று. கரடியும் சத்தியம் செய்ய வந்தது. மண்குதிரையைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டது.

மறுநாள் பாறையடியில் புதுப் பலகை நின்றது. 'இங்கு சுளுக்கு எடுக்கப்படும். பத்தில் ஒருவர் விழுங்கப்படுவார். மற்ற ஒன்பது பேருக்கும் பூரண குணம்.' வாசகம், எழுத்து இரண்டும் தவசிலிங்கம்.

இரண்டு நாள் ஈ காக்கை இல்லை. மூன்றாம் நாள் முயல் பூங்கோதை, கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்ட நிலையில், தோழி சருகுமானோடு வந்து நின்று பலகையைப் படித்தாள்.

"ஏண்டி, இந்தக் காட்டுல எவனாவது இவ்வளவு பச்சையா சொல்லியிருக்கானா? அந்தக் கரடி தேன்ல வெல்லப்பாகு ஊத்துதே, வாயைத் திறந்துச்சா?"

"முழுங்குவேன்னு எழுதியிருக்குடி."

"பத்துல ஒண்ணுதானே. அது நாமளாவா இருக்கப்போறோம்?"

களுக். கழுத்து நேராகிவிட்டது. பூங்கோதை போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். மறுநாள் ஓடைவரைக்கும் வரிசை. அணில் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தது. விழுங்கப்படப்போகிறவர் தனக்கு முன்னால்தான் நிற்கிறார் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். பின்னால் நிற்பவர்களும் அப்படியே நம்பியதால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

ஒருநாள் சோலைமுத்துவுக்குப் பசித்தது. பத்தாவதாக வந்த மரநாயை விழுங்கிவிட்டான். விழுங்கி முடித்து, வரிசை சிதறி ஓடியிருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தான். யாரும் ஓடவில்லை.

"அப்பாடா, இன்னிக்கு முடிஞ்சுது! இனி ஒம்பது பேருக்குப் பயமில்ல!" என்று முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரையும் தள்ளிக்கொண்டு முதலில் வந்தது இன்னொரு மரநாய்.

"அண்ணே, எனக்கு இடுப்புல பிடிப்பு. சட்டுன்னு பாத்துருங்க."

சோலைமுத்து தன் வயிற்றுப் புடைப்பைப் பார்த்தான். "இப்ப உள்ள போனவரு உங்களுக்கு..."

"அக்கா வீட்டுக்காரர். தங்கமான ஆளு. இந்த இடம்தாண்ணே, கொஞ்சம் கீழ."

அன்றைக்குச் சோலைமுத்துவின் மனது விட்டுப்போயிற்று. முட்டையும் கிழங்கும் போதும், இனி ஒருவரையும் விழுங்குவதில்லை என்று முடிவெடுத்தான். சத்தியம் செய்தவன் அல்லவா, பலகையை மாற்றினான். 'இனி யாரும் விழுங்கப்பட மாட்டார்கள்.'

மத்தியானத்துக்குள் வரிசை காலியாகிவிட்டது.

"என்ன பூங்கோதை, நீயுமா போறே?" என்று தவிப்போடு கேட்டான்.

"பத்துல ஒண்ணுன்னா நம்பலாம்ணே. ஒண்ணுமே இல்லைன்னா எப்படி நம்புறது? பொய் சொல்றவன் எல்லாம் அப்படித்தானே எழுதுறான்? நீங்களும் அவங்களை மாதிரி ஆயிட்டீங்களேன்னுதான் வருத்தமா இருக்கு."

தவசிலிங்கத்திடம் ஓடினான். அவர் வேலிக்காலில் முதுகைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பழைய பலகையை வை தம்பி."

"அது பொய்யாயிருமே சார். அய்யனார்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பத்தில் ஒன்றை விழுங்கினால் உண்மையாகிவிடும். உனக்கு வேண்டியது நேர்மை. இரக்கம் உயர்நிலை வகுப்பில் வரும்."

பழைய பலகையை வைத்தான். வரிசை திரும்பி வந்தது. ஒன்பது பேர் குணமாகிப் போனார்கள். பத்தாவதாகப் படுத்திருந்த குட்டிக்குரங்கைப் பார்த்தான். அது, "அங்கதான் மாமா, அங்கதான்" என்றது. விட்டுவிட்டான். பதினொன்று, பன்னிரண்டு. பத்தொன்பதையும் தாண்டியதும் வரிசையில் சலசலப்பு.

"இருபது பேர் ஆச்சு. இன்னும் ஒருத்தரையும் முழுங்கல," என்றாள் பூங்கோதை. "ரெண்டு பாக்கி நிக்குது. அது யார் தலையில விடியப்போகுது? போர்டு உண்மையா, பொய்யா? இப்பவே தெரியணும்!"

"வாத்தியாரைக் கூப்பிடுங்க!" என்றது பின்வரிசை.

தவசிலிங்கம் வந்தார். கூட்டத்தைக் கையமர்த்தினார். "என் மாணவன் பொய் சொல்ல மாட்டான். சந்தேகம் இருந்தால் அடுத்த ஆளாக நானே படுக்கிறேன்," என்று பாறையில் கால் நீட்டிப் படுத்தார். அத்தனை முள்ளும் அவர் முதுகில் நிம்மதியாக இருந்தன.

சோலைமுத்து பலகையைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். மண்குதிரை இருக்கும் திசையைப் பார்த்தான். பத்தில் ஒருவர் போயே ஆகவேண்டும் என்றால், வரிசையில் நிற்கும் எவரைவிடவும் இவர் பொருத்தம் என்று அவனுக்குப் பட்டது.

"போர்டு எழுதினது நீங்கதானே சார்?"

"ஆமாம், அதற்கென்ன?"

தலை முதலில் உள்ளே போனது. தோள்வரை போனது. பிறகு காடே அதிரும்படி ஒரு சத்தம். தவசிலிங்கம் பின்பக்கமாக உதறிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார். அவருக்கு ஒரு கீறல் இல்லை, நாற்பது முள் மட்டும் குறைந்திருந்தது. அந்த நாற்பதும் சோலைமுத்துவின் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துத் தைத்திருந்தன.

பூங்கோதை மெதுவாகக் கிட்டே வந்தாள். மூக்கால் அவன் தாடையைத் தட்டினாள். "அண்ணே, வாயைத் திறங்க பாப்போம்."

முடியவில்லை. பேசவும் முடியவில்லை.

"நெசமாவே முடியலடி!" என்று வரிசையில் நின்ற சருகுமானைப் பார்த்துக் கத்தினாள். "இப்பதான் முழு நம்பிக்கை வந்துச்சு!"

மறுநாள் வரிசை ஓடையைத் தாண்டி மறுகரைக்குப் போனது. தவசிலிங்கம் தன் கையாலேயே இன்னொரு பலகை எழுதிக்கொடுத்தார். 'இங்கு யாரும் விழுங்கப்பட மாட்டார்கள். வாயை நீங்களே வந்து பார்க்கலாம்.' ஒரு சொல் பொய் இல்லை. அவருடைய வகுப்பில் சேர்பவர்களுக்கு இப்போது ஆளுக்கொரு முள் இலவசம்.

ஒருமுறை கொக்கு ஒன்று வந்து, "பாக்கவே பாவமா இருக்கே, முள்ளை எடுத்து விடட்டுமா?" என்று கேட்டது.

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ!" என்று வரிசை மொத்தமும் விரட்டியது.

கொக்கு போகவில்லை. சோலைமுத்துவைப் பார்த்தது. அவன் கண்ணில் நீர் தளும்பியது. அப்போது அவன் பிடியில் படுத்திருந்த பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டு, "அங்கதாண்ணே, அங்கதான், அப்படித்தான்" என்று முனகினாள்.

சோலைமுத்து மெல்லத் தலையைக் கொக்கிடமிருந்து திருப்பிக்கொண்டான். முள்ளிடுக்கு வழியாக யாரோ முட்டை ஊற்றினார்கள்.

நீதி: உண்மை பேசுகிறவனை நம்பலாம். பேசவே முடியாதவனை இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.