வில்லைக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று காலை பத்தே காலுக்கு நான் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். தறி, ஸ்கூட்டர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபிறகும் மிச்சம் இருந்தது. (மிச்சச் சந்தனத்தைப் போல ஆபத்தான பொருள் உலகத்தில் இல்லை.)

சாமி அலமாரியில் மகள் நிவேதாவின் டப்பா இருந்தது. ஏனாத்தூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். "இதுதாம்பா என் ஆயுதம்" என்று அவளே வைத்துவிட்டுப் பொரி வாங்கப் போயிருந்தாள். உள்ளே, எண் எழுதிய தடுப்புகளில், மாத்திரை அளவில் பீங்கான் வில்லைகள். சீரியம் ஆக்ஸைடு. மின்சாரம் கடத்துவதில் அது மகா சோம்பேறியாம். வேறொரு உலோகத்தைத் துளி சேர்த்தால் எலக்ட்ரான்கள் அணுவுக்கு அணு தாவ ஆரம்பிக்குமாம். எவ்வளவு சேர்த்தால் எவ்வளவு தாவும் என்பதுதான் ஆராய்ச்சி. தடுப்புக்கு ஓர் அளவு. மறுநாள் சென்னையில் ஒரு கருவியில் அளக்க வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முறை.

மூடிமேல் பொட்டு வைத்தால் புண்ணியம் மூடிக்குத்தானே? திறந்தேன். சில வில்லைகள் வெளிர்மஞ்சள், சில செங்கல் நிறம். (பாவம், உலையில் கருகிவிட்டன போலிருக்கிறது என்று அவற்றுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.)

மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? தூசு பட்டாலே கணக்கு மாறிடும்னு நேத்துதானே சொன்னா?"

பக்கத்தில், விளக்குத் தேய்க்கக் கரைத்த புளி. வில்லைகளை மொத்தமாக டீ வடிகட்டியில் கொட்டி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பளிச்சென்று வந்தன. டப்பாவில் திரும்ப வைக்கப் போகும்போதுதான் உறைத்தது. எண்கள் தடுப்பில் இருந்தன, வில்லையில் இல்லை.

"பள்ளிக்கூடத்துல வரிசைமாற்றம் நடத்துறீங்களே வாத்தியாரே, எத்தினி விதமா அடுக்கலாம்? போடுங்க பாப்போம்" என்றாள் மனைவி.

விடை எனக்குத் தெரியும். அதனால்தான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகளின் உழைப்பு முழுவதும் டீ வடிகட்டியில் ஈரமாகக் கிடந்தது.

அப்போது பொரிப் பையோடு நிவேதா வந்தாள். வடிகட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வில்லைகளை அடுக்க ஆரம்பித்தாள். வெளிர்மஞ்சள் முதலில், அடர்ந்த செங்கல் நிறம் கடைசியில். நான் மூச்சு விடுவதற்குள் வரிசை முடிந்துவிட்டது.

"கருகலைப்பா. நான் சேக்குற உலோகம் பிரேசியோடைமியம், அது சேக்கச் சேக்க செவப்பு ஏறும்."

"புளி...?"

"கல்லாட்டம் சுட்டது, உள்ள போகாது. உப்புத்தாள் போட்டு மேல தேய்ச்சிட்டா போதும்." பிறகுதான் சிரித்தாள். "நல்லவேளை, பவுடரா இருக்கும்போது உன் கையில சிக்கல. சிக்கியிருந்தா சந்தனம் எவ்ளோ கடத்துதுன்னு அளந்துக்கினு இருப்பேன். அடுத்த வருசத்துலருந்து உனக்கு மூடி மட்டும்தாம்பா!"